ஊரின் பஞ்சாங்கமும் நூலகத்தின் கதவும்

(தேசிய நூலக வாரத்தையொட்டி அபிராமபுரத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் என்னென்ன விழா நடக்கும் என்று சொல்லும் பட்டியல் ஒன்று நம்மிடம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகத்தைத்தான் சொல்கிறேன். பாம்பு தீண்டி இறந்துபோன சிவநேசர் மகளின் சாம்பல் இருந்த குடத்தின் முன் நின்று அவர் அதைப் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று பாட்டுக்கு ஒரு விழாவாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா என்று அந்தப் பெண்ணை அழைக்கிறார். நம்பிக்கை உள்ளவர்கள் அதை அற்புதமாகப் படிப்பார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. போன உயிரைத் திரும்ப அழைக்க அவர் ஆசை காட்டுவது பொன்னையோ பொருளையோ அல்ல, ஊரின் விழாக்களை. மனிதரை ஊரோடு சேர்த்துக் கட்டிவைப்பது அந்த ஊரின் மாதங்கள்தான் என்று அவர் அறிந்திருக்கிறார்.

இந்த மாத ஓட்டம் இன்றைக்கும் நம்மைச் சுற்றி நிற்காமல் நடக்கிறது. பங்குனியில் அறுபத்து மூவர் புறப்பாட்டுக்கு மாட வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. புரட்டாசியில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. மார்கழி வந்தால் லஸ்ஸிலிருந்து மியூசிக் அகாடமி வரைக்கும் சபாக்கள். இவ்வளவுக்கும் நடுவில், ஊரோடு சேராமல் ஒதுங்கி நிற்கும் ஒரே கட்டடம் நம்முடைய கிளை நூலகம். ஊர் திரளும் நாள்களில் அதன் கதவு சாத்தியிருக்கிறது. திறந்திருக்கும் நாள்களில் ஊர் அந்தப் பக்கம் வருவதில்லை. இதை மாற்ற முடியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மாற்றச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. இங்கே சொந்த வீடு உள்ள ஒவ்வொருவரும் சொத்து வரியோடு, நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் அதை வாடகையின் வழியாகக் கட்டுகிறார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் அதற்காக மன்றாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். ரங்கநாதன் என்றாலே நூலகவியலுக்கு அவர் வகுத்து 1931இல் வந்த ஐந்து விதிகளைத்தான் எல்லோரும் சொல்வோம். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டு வண்டியில் நூலகம் ஒன்றைக் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். அந்த முயற்சியில் ரங்கநாதனுக்கும் பங்கு இருந்தது. படிப்பவர் வரட்டும் என்று காத்திராமல் அவர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போனது. தொண்ணூறு ஆண்டு கழித்து நாம் அதைவிட ஓரடியாவது முன்னே வைத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நடத்துவது நூலகத்தின் வேலையா என்று சிலர் கேட்பதுண்டு. நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. லஸ்ஸில் ரானடே நூலகமும் சீனிவாச சாஸ்திரி ஹாலும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வி. கிருஷ்ணசாமி ஐயர் தொடங்கிய தென்னிந்திய தேசிய சங்கத்தின் நூலகம் அது. அங்கே புத்தகமும் இருந்தது, சொற்பொழிவும் இருந்தது, பாட்டும் இருந்தது. எவருடைய பெயரால் அந்த ஹால் இருக்கிறதோ அந்த சீனிவாச சாஸ்திரியார், 1944இல் மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரோ முதுமையில் தளர்ந்திருந்தார். சித்திரைக்கு முன்பு தொடங்கி ஐப்பசி வரை மக்கள் வந்து கேட்டார்கள். அந்தப் பேச்சு பின்னால் புத்தகமாகி இன்றும் கிடைக்கிறது. தொடர்ச்சி இருந்தால் கேட்பவர் வருவார், பேச்சு முடிந்த பிறகும் கையில் ஒன்று மிஞ்சும்.

அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகத்தை எல்.எல்.ஏ. பில்டிங் என்றால் சென்னை எழுத்தாளர்கள் எல்லோருக்கும் தெரியும். எத்தனை புத்தக வெளியீடு, எத்தனை இலக்கியச் சண்டை அந்த அரங்கில்! அடையாற்றுக்கு அக்கரையில், 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை, அடுத்தது கோட்டூர்புரம், அவ்வளவுதான். 2011இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்று அங்கே சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' என்று எழுத்தாளர்களும் அறிஞர்களும் வந்து பேசுகிறார்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு பெரிய செயற்கை மரம். தரைத்தளத்தில் பிரெயில் பிரிவு. 2023 ஜனவரியில் சென்னை இலக்கியத் திருவிழாவும் அங்கேதான் நடந்தது. அதே வரிசையில் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றின் பெயரால் விழாக்கள் நடந்தன. பெரிய நூலகத்துக்கு அரங்கு இருக்கிறது, ஆள் இருக்கிறது, அரசின் கவனம் இருக்கிறது. நான் கவலைப்படுவது ஒற்றை ஹாலும் ஒரே நூலகரும் உள்ள கிளை நூலகத்தைப் பற்றி.

அங்கே நடக்கும் விழா பெரும்பாலும் எப்படி இருக்கிறது? ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, மேடையில் ஆறு நாற்காலி. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. சுண்டல், டீ. எல்லோரும் அன்போடுதான் செய்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் இரவல் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அன்று ஒரு புத்தகமாவது வெளியே போயிருக்கிறதா? இந்த ஒரு கேள்வியைத்தான் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரைகல்லாக வைக்கச் சொல்வேன். பேச்சாளர் நன்றாகப் பேசினாரா, கூட்டம் வந்ததா, பத்திரிகையில் செய்தி வந்ததா என்பதெல்லாம் அடுத்தது. நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சி அலமாரியின் முன்னால் போய் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கல்யாண மண்டபத்திலேயே நடத்திவிடலாம்.

கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் வரைக்கும் விடுமுறை. வெயிலில் தெருவில் விளையாடவும் முடியாது. இந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் பணம் கட்டி நீச்சல், கீபோர்டு, ரோபாட்டிக்ஸ் என்று போகும் பிள்ளைகள். இன்னொரு பக்கம், நம் அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இரண்டு பேரையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வைக்கக்கூடிய இடம் இந்தப் பகுதியில் நூலகம் ஒன்றுதான். கோவிலில் முடியாது, கிளப்பில் முடியாது, பள்ளிக்கூடத்திலும் இப்போது முடிவதில்லை.

நகரின் ஒரு கிளை நூலகத்தில் நான் பார்த்த ஒரு கதை நேரத்தைச் சொல்கிறேன். கதை சொன்ன பெண் மைக் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு படக்கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த பையனுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். "மிச்சம் அங்கே இருக்கு" என்று கீழ் வரிசை அலமாரியைக் காட்டினார். பிள்ளைகள் பாய்ந்தார்கள். அந்த நூலகர் முன்யோசனையோடு அதே புத்தகத்தை வேறு கிளைகளிலிருந்தும் வரவழைத்து அடுக்கி வைத்திருந்தார். ஒரு சிறுமி முதுகு அட்டையில் விரலை ஓட்டி எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்துவிட்டுத்தான் எடுத்தாள். மேசையில் வரிசை நின்றது. தேதித்தாளில் ஊதா முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. அந்த நூலகருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. நிகழ்ச்சிக்கு ஆன செலவு புத்தகக் கட்டு வந்த ஆட்டோக் கூலி மட்டும்.

அந்த ஆட்டோக் கூலி சின்ன விஷயமில்லை. ஒரு நூலைப் பற்றிப் பிரமாதமாகப் பேச வைத்துவிட்டு, அந்த நூல் ஒரே ஒரு படி, அதுவும் யாரோ எடுத்துப்போயிருக்கிறார் என்றால், எழுப்பிய ஆசையை நாமே கொன்றுவிடுகிறோம். படிகளை முதலில் திரட்டுங்கள், பேச்சாளரைப் பிறகு தேடுங்கள்.

கோடை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 மே மாதம், பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரத்தில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்த ஒருவர் உயிரிழந்தார். கரையோரக் குடும்பங்கள் நகரின் விளிம்பில் இருக்கும் குடியிருப்புகளுக்கு அனுப்பப்படுவது ஆண்டுக்கணக்காக நடக்கிறது. அப்படிப் போகும் பிள்ளையின் நூலக அட்டை என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அந்த அட்டை எந்தக் கிளையிலும் செல்ல வேண்டும். சமூகத்துக்கான நிகழ்ச்சி என்று நாம் பேசும்போது அந்தப் பிள்ளைகளும் அந்தச் சமூகத்தில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகஸ்டில் சென்னை தினம். 1639 ஆகஸ்ட் 22ஐ நினைவுகூரும் இந்தக் கொண்டாட்டம் 2004இல் எஸ். முத்தையா முதலிய சில ஆர்வலர்களால் தொடங்கியது. நம் தெருக்களின் பழைய புகைப்படங்களை வீடுகளிலிருந்து திரட்டி நூலகச் சுவரில் மாட்ட அதைவிட நல்ல வாரம் கிடையாது.

அடுத்தது நவராத்திரி. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டால் அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது படித்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். அன்று குழந்தையைப் பள்ளியில் சேர்க்கிறோம், பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம். நூலகத்தில் சேர்ப்பதில்லை. அரசு விடுமுறை, கதவு மூடியிருக்கிறது. சரி, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குழந்தைகளை உறுப்பினராக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாமே. தாத்தாவோ பாட்டியோ கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும், குழந்தை தன் பெயரைத் தானே படிவத்தில் எழுதட்டும்.

பொது நூலகம் எல்லோருக்கும் உரியது. இந்துப் பண்டிகையை மட்டும் அது எப்படிக் கொண்டாடலாம் என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பூஜை வைக்கச் சொல்லவில்லை. சாந்தோம் இருக்கும் ஊர் இது, கிறிஸ்துமஸ் இருக்கிறது, ரம்ஜான் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஊர் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பற்றிய புத்தகங்கள் வாசலருகே வர வேண்டும் என்கிறேன். சீறாப்புராணமும் தேம்பாவணியும் பெரியபுராணத்தின் பக்கத்திலேயே இருக்கும் அலமாரி நூலகத்தில்தான் உண்டு. பங்குனியில் அறுபத்து மூவரைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு வாயிலார் நாயனார் மயிலாப்பூர்க்காரர் என்று தெரியும்? பந்தலில் நீர்மோர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, பெரியபுராண உரைநடை நூல்களையும் உறுப்பினர் படிவத்தையும் வைத்தால் நூலகம் விழாவுக்குள் வந்துவிடும்.

மழைக்காலம் வேறு மாதிரி. ஐப்பசி கார்த்திகையில் நம் பகுதி முதியவர்கள் வெளியே வரவே யோசிப்பார்கள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலை, தேங்கிய தண்ணீர், சறுக்கும் நடைபாதை. பிள்ளைகள் அமெரிக்காவில், இவர்கள் மூன்றாவது மாடியில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை வாசிகளுக்கு மழை என்றாலே ஒரு பயம் இருக்கிறது. இந்த இரண்டு மாதம் கூட்டம் போடக் கூடாது. புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். 'நூலக நண்பர்கள்' என்ற திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நூலகத்துக்கு வர இயலாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் திருப்பி வாங்கி வருவது. ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு கல்லூரி மாணவர் போதும். பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்களைத் தனியாக எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். இன்று கிளை நூலகத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். குரூப் 4, குரூப் 2, வங்கித் தேர்வு. வீட்டில் ஒற்றை அறை, அங்கே டி.வி. ஓடும். நூலகத்தின் மேசையும் மின்விசிறியும்தான் அவர்களுக்குப் படிப்பறை. நிகழ்ச்சி என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகச் சொல்கிறோம். அப்படிச் செய்யக் கூடாது. நிகழ்ச்சியை ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மாதத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் நிகழ்ச்சியே வேண்டாம். இன்னொன்றும் செய்யலாம். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 பொதுத் தமிழ். திருக்குறளைப் பற்றியும் சங்க இலக்கியத்தைப் பற்றியும் ஒரு நல்ல தமிழாசிரியர் வந்து பேசினால், அதே இளைஞர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். வேலைக்காகப் படிப்பதும் விருப்பத்துக்காகப் படிப்பதும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் அது.

வெளியே பார்த்தால், சிங்கப்பூர்த் தமிழர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றிருக்கிறது. அங்கே ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும். பல அமைப்புகள் பல நிகழ்ச்சிகள் நடத்துகின்றன, அவற்றில் பல தேசிய நூலகத்தில். 'வாசிப்போம் சிங்கப்பூர்' இயக்கத்தில் தேர்ந்தெடுத்த கதைகளை ஊரே சேர்ந்து படித்துப் பேசியிருக்கிறது. ஒரே கதையைப் பலர் படித்திருந்தால்தான் உரையாடல் நடக்கும். நாம் ஒருவர் படித்துவிட்டு வந்து படிக்காத நூறு பேருக்குச் சொல்கிறோம்.

பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி வந்துவிடும். 1977 முதல் நடக்கிறது, அதற்குத் தனியாக விளம்பரம் வேண்டாம். அங்கே வாங்கப்போகும் புத்தகங்களில் எது நம் கிளைக்கு வேண்டும் என்று வாசகர் வட்டம் ஒரு பட்டியல் கொடுத்தாலே போதும்.

மார்கழி அப்படியில்லை. நம் வீட்டு வாசலிலேயே நடக்கும் பருவம் அது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து இந்தச் சில தெருக்களுக்கு வருகிறார்கள். காலை விரிவுரை, மதியக் கச்சேரி, கேண்டீன், மாலைக் கச்சேரி. நடுவில் ஒரு மணி நேரம் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோரைப் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதியவை. 1917இல் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம். 1947இல் வந்த விபுலாநந்தரின் யாழ் நூல். 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய இசை விமர்சனங்கள். தி. ஜானகிராமனின் மோகமுள். கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள். பாட்டைக் கேட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் படிக்க இதைவிட என்ன வேண்டும்?

எனவே நான் கேட்பது இது. வாசலை ஒட்டி ஒரு ரேக் ஒதுக்கித் தாருங்கள். 'மார்கழி' என்று கையால் எழுதி ஒட்டுங்கள். மூன்று ஞாயிறுகள், மதியக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் இடையில், ஒருவர் இருபது நிமிடம் ஒரு நூலிலிருந்து வாசிக்கட்டும். பாடத் தெரிந்த நம் தெருப் பிள்ளை ஒருவர் அதில் வரும் கீர்த்தனையைப் பாடட்டும். வெளியூர்க்காரர் இரவல் எடுக்க முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். நான் சொன்ன நூல்களில் எவை இந்தக் கிளையில் இருக்கின்றன, எவற்றை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நூலகர் அம்மாவோடு உட்கார்ந்து இந்த வாரத்துக்குள் பார்த்துவிடலாம். உதவிக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் முன் மேசையில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதுங்கள். மார்கழி பிறக்க இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.